காலை 5:17-க்கு வந்தவர்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. அதற்கு எனக்குத் தெம்பும் இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். தேதி, நேரம் எல்லாம் என் போனில் பத்திரமாக இருக்கின்றன. போன டிசம்பரில், மேற்குத் தாம்பரத்தில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த கணினி வகுப்பில் நடந்தது.

என் பெயர் ஏஞ்சல். வயது முப்பத்தேழு. கால் சென்டரில் இரவு ஷிஃப்ட். என் மகள் ஜோவிதா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அப்பா எங்களோடு இல்லை. அந்தக் கதையை ஆரம்பித்தால் இந்தப் பேய்க் கதை சின்னதாகிவிடும். நான் இரவில் வேலைக்குப் போவதால், ஜோவிதா பீர்க்கன்கரணையில் எங்கள் மேல்வீட்டு அபிதகுஜாம்பாள் மாமியிடம் படுத்துக்கொள்வாள். மாமி தங்கமானவர். ஆனாலும் அடுத்தவர் வீட்டுப் பாய் அடுத்தவர் வீட்டுப் பாய்தான். என் பழைய நைட்டி ஒன்றைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கமே வரும். தினமும் கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடிக்கும்போது வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"நாளைக்காவது பகல் ஷிஃப்டாம்மா?"

அந்தப் பகல் ஷிஃப்டுக்காகத்தான் நான் ஜாவா படிக்கப் போனேன். எங்கள் கம்பெனியிலேயே மென்பொருள் எழுதும் பிரிவு ஒன்று உண்டு. பகலில் மட்டும் வேலை. உள்ளே இருப்பவர்களிலிருந்து இரண்டு பேரை எடுப்பதாகச் சொன்னார்கள். ஜாவா தெரிய வேண்டும், சொந்தமாக ஒரு ஆப் செய்து காட்ட வேண்டும். டிசம்பர் இருபது, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு. தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ஷிஃப்ட் முடிந்து வண்டி என்னைத் தாம்பரத்தில் இறக்கிவிடும்போது ஐந்து மணி ஆகும். வகுப்பு 5:45-க்கு. இடையில் வீட்டுக்குப் போனால் படுப்பேன், படுத்தால் எழ மாட்டேன். அதனால் நேராக வகுப்புக்கே போய்விடுவேன். முதலில் வருகிறவள் என்று சாவியையே என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். எங்கள் பேட்சில் ஆறு பேர். எல்லோரும் இரவு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். விமான நிலையம், மருந்துக் கிடங்கு, ஆம்புலன்ஸ் என்று ஆளுக்கொரு இடம். எல்லோர் கண்ணும் ஒரே சிவப்பு.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டால் எழுப்ப மாட்டோம். பாவம் என்று ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைப்போம். அவ்வளவுதான். அப்படித் தூங்கி நானும் பாதிப் பாடத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

சொல்லிக்கொடுத்த ஷீலாவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். நல்ல பெண். எனக்குப் புரிகிற மாதிரி சொல்வாள். "கிளாஸ்னா ரேஷன் ஆபீஸ்ல தர்ற காலி ஃபாரம்கா. அதுல ஒருத்தர் விவரத்தைப் போட்டு நிரப்பினா, அதுதான் ஆப்ஜெக்ட். நிரப்பின ஃபாரத்தை யாராவது ஒருத்தர் கையில பிடிச்சிருக்கிற வரைக்கும் ஜாவா அதைத் தூக்கிப் போடாது. எல்லாரும் விட்டுட்டாதான் குப்பைக்குப் போகும்."

அன்று அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பரீட்சைக்கு வரும் என்று.

சொந்தமாக ஆப் எழுத எனக்கு ஏது நேரம்? எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பழைய பேட்ச் மாணவர்களின் வேலைகள் ஒன்பதாம் நம்பர் கணினியில் கிடந்தன. அதில் வருகைப் பதிவு ஆப் ஒன்று அரைகுறையாக இருந்தது. அதை என் பதினான்காம் நம்பர் கணினிக்கு எடுத்துக்கொண்டேன். முதல் வரியில் எழுதியவர் பெயர் இருக்கும். அதைப் படிக்கக்கூட இல்லை. அழித்துவிட்டு என் பெயரைப் போட்டேன்.

ஆப் எளிமையானதுதான். வகுப்புக்கு வருகிறவர் தன் பெயரைத் தட்டினால் பெயர், வந்த நேரம், கைபேசி எண், வீட்டு போன் எண் என்று ஒரு வரிசை திரையில் சேரும். சோதித்துப் பார்க்க எங்கள் ஆறு பேரின் உண்மையான விவரங்களையே உள்ளே போட்டேன். என் வீட்டு எண் இடத்தில் மாமியின் எண். ஜோவிதா இருக்கும் இடம்தானே எனக்கு வீடு?

டிசம்பர் பதினைந்து, திங்கட்கிழமை. 5:08-க்கு என் பெயரைத் தட்டினேன். கீழே சந்தில் பேபி அக்காவின் டீக்கடையில் டீ குடித்துவிட்டு மேலே வந்தேன். அறையில் யாரும் இல்லை. ஆனால் திரையில் இரண்டு வரிசை இருந்தது.

முதலாவது நான். இரண்டாவது, தேவானந்தம். வந்த நேரம் 5:17. கைபேசி எண்ணும் இருந்தது. கடைசி நான்கு இலக்கம் 6209. வீட்டு எண் காலி.

பழைய விவரம் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். அந்தப் பெயரை நிரல் முழுக்கத் தேடினேன். விவரம் சேரும் கோப்பிலும் தேடினேன். எங்கேயும் இல்லை. இல்லாத பெயர் திரைக்கு மட்டும் எப்படி வரும்? சரி, ஆளையே கேட்டுவிடலாம் என்று அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் வந்தது.

ஷீலா வந்ததும் காட்டினேன். அவள் திரையைப் பார்த்தாள். பிறகு, பழைய டேட்டாவாக இருக்கும், அழித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் போய்விட்டாள்.

அழித்தேன்.

செவ்வாய்க்கிழமை 5:17-க்கு மறுபடியும் வந்தது. இந்த முறை நான் கீழே போகவில்லை. கணினிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். விசைப்பலகையில் என் கை இல்லை. வரிசை தானாகச் சேர்ந்தது... தேவானந்தம், 5:17, 6209.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. சனிக்கிழமை மூன்று மேலதிகாரிகள் முன்னால் இது இப்படி வந்தால் என் கதி என்ன? ஆறு பேருக்கு ஏழு பேரைக் காட்டும் வருகைப் பதிவை யார் ஏற்பார்கள்? பேய்க்குப் பயப்பட ஒழுங்காகத் தூங்கி எழுந்த உடம்பு வேண்டும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

புதன்கிழமைதான் மற்றதையும் கவனித்தேன். ஒன்பதாம் நம்பர் நாற்காலி. முந்தின நாள் வகுப்பு முடிந்து எல்லா நாற்காலிகளையும் நானே உள்ளே தள்ளிவிட்டுப் போயிருந்தேன். பூட்டைத் திறந்து உள்ளே போனால், அது மட்டும் வெளியே இழுத்துக் கிடந்தது. உள்ளே தள்ளினேன். கை உட்காரும் இடத்தில் பட்டது.

மார்கழிக் குளிர். மற்ற நாற்காலிகள் எல்லாம் ஜில்லென்று இருந்தன. அது மட்டும் சூடாக இருந்தது.

வியாழக்கிழமை தைல வாசனை. தலைவலிக்காரர்கள் நெற்றியில் அப்பிக்கொள்வார்களே, அந்த வாசனை. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் தைலம் தடவுவதில்லை.

வெள்ளிக்கிழமை. டிசம்பர் பத்தொன்பது.

அதற்கு முந்தின இரண்டு பகலும் ஜோவிதாவுக்குக் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே பகலைக் கழித்தேன். இரவில் வேலை. மூன்று நாளில் மொத்தம் நான்கு மணி நேரம் தூங்கியிருப்பேன். படி ஏறும்போதே இடது கை மரத்துப்போன மாதிரி இருந்தது. பை கனம் என்று நினைத்தேன்.

5:06. பெயரைத் தட்டினேன்.

கோளாறு அப்படியேதான் இருந்தது. இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு பிறகு பார்ப்போம் என்று ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். மேஜையில் தலையைச் சாய்த்தேன். ஸ்டேஷன் பக்கம் சென்னைக் கடற்கரை போகும் ரயிலுக்கான அறிவிப்பு கேட்டது. அதோடு எல்லாம் நின்றுபோனது.

பிறகு ஒரு சத்தம்.

க்ரீச்...

நாற்காலிச் சக்கரம். எனக்குப் பின்னால், இடது பக்கம். ஒன்பதாம் நம்பர் இருக்கும் பக்கம்.

5:17 ஆகியிருக்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்து பார்க்க நினைத்தேன். முடியவில்லை. காது கேட்கிறது, மூளை விழித்திருக்கிறது, விரல் அசையவில்லை. அமுக்குவான் என்று சொல்வார்களே, அதுதான்.

டக். டக். டக்.

யாரோ மேஜையைத் தட்டினார்கள். தூரத்து மேஜை.

கொஞ்சம் இடைவெளி.

டக். டக். டக்.

இது அடுத்த மேஜை.

தைல வாசனை வந்தது. என் மூக்குக்குப் பக்கத்தில்...

டக். டக். டக்.

என் மேஜை. என் காதை வைத்திருந்த மரம் அதிர்ந்தது.

கத்த நினைத்தேன். நாக்கு எழவில்லை. மூச்சு சின்னதாகிக்கொண்டே போனது. ஜோவிதாவின் முகம் வந்தது. வாசலில் நிற்கிறாள். நாளைக்காவது... நாளைக்காவது...

காலடிச் சத்தம். என்னை விட்டு விலகிக் கதவுப் பக்கம் போனது.

க்ளிக்.

ஃபேன் நின்றது.

கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து... நின்றே விட்டது.

வியர்த்தது. கொசு மொய்த்தது. அப்போதும் எழ முடியவில்லை.

விசைப்பலகைச் சத்தம். என் கணினியில். ஒரே ஒரு விசை.

அப்புறம் எதுவுமே இல்லை.

எதுவுமே...

போன் அடித்தது.

கை விலுக்கென்று அசைந்தது. எடுத்தேன். 5:31. மாமி எண். பேசியது ஜோவிதா.

"அம்மா. எழுந்திரும்மா. தூங்காத. எழுந்திரு."

எழுந்துவிட்டேன் என்று சொன்னேன். குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. சரி என்று வைத்துவிட்டாள். கெட்ட கனவு கண்டிருப்பாள், காய்ச்சல் பிள்ளை, என்று நினைத்துக்கொண்டேன்.

அறையில் யாரும் இல்லை. ஃபேன் நின்றிருந்தது. கதவோரம் இருந்த சுவிட்ச் அணைந்திருந்தது. விளக்கு எரிந்தது, கணினி ஓடியது. திரையில் இரண்டு வரிசை. நான், அவர். என் வரிசையில் வீட்டு எண் மட்டும் நீல நிறத்தில் தெரிந்தது. யாரோ அதைத் தேர்ந்தெடுத்து வைத்த மாதிரி.

பையை அங்கேயே போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். எந்தப் படியில் கால் வைத்தேன் என்று தெரியாது.

பேபி அக்கா என் முகத்தைப் பார்த்ததும் பாய்லரை விட்டு எழுந்து வந்தார். ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, அவரே மெதுவாகக் கேட்டார்.

"இன்னா, ஒம்போதாம் நம்பர் நாற்காலியா?"

ஷீலா ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் பேபி அக்கா அவளைக் கூப்பிட்டார். எத்தினி நாளைக்கு மூடி மறைப்பே, சொல்லிடு என்றார். ஷீலா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். தேவானந்தம் யார் என்று கேட்டேன்.

அதற்கு முந்தின வருடம் இதே நேரத்து பேட்சில் படித்தவராம். விமான நிலையத்தில் இரவில் பெட்டி தூக்கும் வேலை. வயது நாற்பது. ஊரிலிருந்து மனைவி, பிள்ளைகளை அழைத்து வந்து வைக்க வேண்டும், அதற்குப் பகல் வேலை வேண்டும் என்று ஜாவா படிக்க வந்தார். பேபி அக்கா கடையில் டீ குடித்துவிட்டு, சரியாக 5:17-க்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவாராம். ஒரு நாள் ஒன்பதாம் நம்பர் மேஜையில் தலை சாய்த்தார். வகுப்பு நடந்தது. யாரும் எழுப்பவில்லை. 7:15-க்கு எல்லோரும் சத்தம் போடாமல் எழுந்து போனார்கள். அடுத்த பேட்ச் வந்து தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. உடம்பு ஜில்லிட்டுப் போயிருந்தது.

"டாக்டரு, ஆறரை வரைக்கும்கூட உயிர் இருந்திருக்கும்னு சொன்னாருக்கா," என்றாள் ஷீலா. "ஃபேனைக் கூட்டி வச்சது நான்தான்."

அவர் ஃபாரத்தில் வீட்டு எண் எழுதவில்லையாம். யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் மத்தியானம் வரை அலைந்திருக்கிறார்கள். நான் எடுத்த வருகைப் பதிவு ஆப் அவர் எழுதியதுதான். பாதியில் நின்றுபோனது.

அன்றைக்கு நான் வகுப்புக்குப் போகவில்லை. பேபி அக்கா கடையை அப்படியே விட்டுவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேட்டார். நான் கணக்குச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இப்பவாவது வந்தீங்களே," என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணி. போக வேண்டாம் என்று மாமி சொன்னார். போனேன். இதற்காகத்தானே இத்தனை பாடும்? என் பையோடு ஷீலா முந்தின நாளே கொண்டுவந்து கொடுத்திருந்த ஆப்பை மடிக்கணினியில் ஓட்டிக் காட்டினேன். ஆறு பெயர். ஆறே வரிசை. ஏழாவது வரவே இல்லை. முதல் வரியில் எழுதியவர் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. முந்தின இரவு நான்தான் சேர்த்திருந்தேன். தேவானந்தம் யார் என்று ஒரு அதிகாரி கேட்டார். கூடப் படித்தவர் என்றேன்.

திங்கட்கிழமை தகவல் வந்தது. ஜனவரி முதல் பகல் ஷிஃப்ட். சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, வகுப்பில் தூங்குகிறவரை உடனே தட்டி எழுப்ப வேண்டும் என்று ஷீலா பலகையில் எழுதிப் போட்டிருந்தாள். அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

டிசம்பர் இருபத்து நான்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். மாமிக்கு முட்டை இல்லாத கேக் எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஜோவிதா ஊஞ்சலில் இருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை அவ்வளவு காலையில் எனக்கு ஏன் போன் செய்தாள் என்று சும்மா, பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

மாமி குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்ததாம். இவள் எடுத்தாளாம்.

"ஒரு அங்கிள் பேசினாரும்மா. உங்கம்மா தூங்கிட்டாங்க, தட்டித் தட்டிப் பாத்துட்டேன், எழுந்திரிக்கல, நீ போன் பண்ணி எழுப்பு பாப்பான்னு சொன்னாரு."

கேக் தட்டைக் கீழே வைத்தேன். மாமியின் போனை வாங்கினேன். பத்தொன்பதாம் தேதிக்குப் போனேன்.

வந்த அழைப்பு. காலை 5:29. நாற்பத்தொரு விநாடி.

கடைசி நான்கு இலக்கம் 6209.

என் போனையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை நான் கூப்பிட்ட எண். பத்து இலக்கமும் ஒன்றுதான். அங்கேயே நின்று மறுபடியும் கூப்பிட்டேன். உபயோகத்தில் இல்லை என்று அதே பதிவுக் குரல் சொன்னது.

செத்துப்போன ஒருவர் என் பிள்ளையோடு நாற்பத்தொரு விநாடி பேசியிருக்கிறார். அந்த நினைப்பு வந்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றும் தோன்றுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில்தான் வருகின்றன.

வேறு ஏதாவது சொன்னாரா என்று ஜோவிதாவைக் கேட்டேன். அவள் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினாள்.

"அவரு குரல் ரொம்ப டயர்டா இருந்துச்சும்மா. வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னாரு. எனக்கு யாரும் போன் பண்ணல பாப்பா, நீயாவது பண்ணுன்னாரு."